செர்ரி ஷ்ரிம்ப் தொட்டியில் கோளாறு: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

சித்திரை பிறந்துவிட்டால் எனக்கு வரும் அழைப்புகள் பாதி ஒரே மாதிரி இருக்கும். "நேத்து வரைக்கும் நல்லா இருந்துச்சு. காலைல பார்த்தா நாலு செத்துக் கிடக்கு. இப்ப என்ன ஊத்தணும்?" கேட்பவர் பெரும்பாலும் முதல் தொட்டி வைத்தவராக இருப்பார். ஒன்றரை அடிக் கண்ணாடித் தொட்டி, ஏறக்குறைய 35 லிட்டர் தண்ணீர், கொஞ்சம் ஜாவா பாசி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், சென்னை கொளத்தூரில் ஆசையாக வாங்கி வந்த பத்துப் பதினைந்து சிவப்புச் செர்ரி ஷ்ரிம்ப் என்ற சின்ன அலங்கார இறால்.

எதையும் ஊற்றாதீர்கள் என்றுதான் நான் முதலில் சொல்வேன். நான் பார்த்த தொட்டிகளில் முதல் நான்கு இறால்களைக் கொன்ற காரணம் ஒன்று. மீதியைக் கொன்றது அதற்குப் பிறகு பதறிப்போய் மாற்றிய முழுத் தண்ணீரும் ஊற்றிய மருந்தும். அதனால் இங்கே அறிகுறி வாரியாகப் பிரித்து எழுதியிருக்கிறேன். உங்கள் தொட்டியில் நடப்பது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போய்விடலாம். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில் வரும், செலவு வைப்பது கடைசியில் வரும்.

## எந்த அறிகுறியானாலும் முதல் 10 நிமிடம்

சாப்பாட்டை நிறுத்துங்கள். பெரியவை ஒரு வாரம்கூடப் பாசியை மேய்ந்து தாங்கும். ஏர் பம்ப் ஓடுகிறதா, ஸ்பாஞ்ச் ஃபில்டரில் குமிழி வருகிறதா என்று பாருங்கள். தெர்மாமீட்டரைப் பாருங்கள். கடைசி 24 மணி நேரத்தில் அந்த அறையில் என்ன அடித்தீர்கள், என்ன கொளுத்தினீர்கள், எதைத் துடைத்தீர்கள் என்று வீட்டில் உள்ள எல்லோரையும் கேளுங்கள், வேலைக்கு வரும் அக்காவையும் சேர்த்து.

அப்புறம், கிடப்பது உண்மையிலேயே செத்த இறாலா என்று பாருங்கள். இறால் வளரும்போது தோலை உரிக்கும். உரித்த தோல் கண், கால், மீசை எல்லாவற்றோடும் முழு இறால் போலவே கிடக்கும். டார்ச் அடித்தால் கண்ணாடித்தாள் மாதிரி ஒளி ஊடுருவும், உள்ளே ஒன்றும் இருக்காது. செத்த இறால் வெந்ததுபோல இளஞ்சிவப்பாக, ஒளி புகாமல் இருக்கும். உரித்த தோலை எடுக்க வேண்டாம், அதையே தின்று சுண்ணாம்புச் சத்தைத் திரும்பப் பெறும். செத்ததை உடனே எடுங்கள்.

கையில் இருக்க வேண்டியவை: தண்ணீர் சுத்திகரிப்பான் சரிசெய்ய வருபவர்கள் வைத்திருக்கும் பேனா போன்ற டி.டி.எஸ். மீட்டர் (தண்ணீரில் கரைந்திருப்பவற்றின் மொத்த அளவைக் காட்டுவது), தெர்மாமீட்டர், அம்மோனியாவும் நைட்ரைட்டும் பார்க்கும் சொட்டு மருந்து டெஸ்ட் கிட், கடினத்தன்மை பார்க்கும் ஜி.எச்., கே.எச். கிட். முதல் இரண்டையும் இறால் வாங்குவதற்கு முன்பே வாங்கிவிடுங்கள்.

செர்ரிக்குத் தோதான அளவுகள்: வெப்பம் 22 முதல் 26 டிகிரி, பி.எச். 6.5 முதல் 8 வரை, ஜி.எச். 6 முதல் 10, டி.டி.எஸ். 150 முதல் 300. அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகவே இருக்க வேண்டும். டி.டி.எஸ். 350 இருந்தாலும் அது அப்படியே மாறாமல் இருந்தால் செர்ரி பழகிக்கொள்ளும். இன்றைக்கு 200, ஞாயிற்றுக்கிழமை 450 என்று ஏறி இறங்குவதைத்தான் அதனால் தாங்க முடியாது.

## வாங்கி வந்த 3 நாளுக்குள் சாகின்றன

அவசரமாக விட்டீர்களா? பையைப் பத்து நிமிடம் மிதக்கவிட்டு அப்படியே கவிழ்ப்பது மீனுக்கு ஓரளவு சரி, இறாலுக்குப் போதாது. அடுத்த முறை வாங்கும்போது பைத் தண்ணீரிலும் தொட்டித் தண்ணீரிலும் மீட்டரை முக்கிப் பாருங்கள். பையில் 180, தொட்டியில் 480 என்று காட்டினால் முதல் மூன்று நாள் சாவுக்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

மெடிக்கல் ஷாப்பில் சலைன் ஏற்றும் டியூப் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் சிறு சக்கரம் அதிலேயே இருக்கும். தொட்டியை மேசைமேலும், இறாலைப் பைத் தண்ணீரோடு ஒரு சின்ன டப்பாவில் தரையிலும் வையுங்கள். நொடிக்கு இரண்டு சொட்டு போதும். டப்பாத் தண்ணீர் மூன்று பங்காகப் பெருக ஒன்றரை, இரண்டு மணி நேரம் ஆகும். அதற்குப் பிறகு வலையில் இறாலை மட்டும் எடுத்துத் தொட்டிக்குள் விடுங்கள். டப்பாத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்ற வேண்டாம்.

குளோரின். மெட்ரோ தண்ணீரையோ லாரித் தண்ணீரையோ பிடித்த கையோடு ஊற்றியிருந்தால் இதைச் சந்தேகப்படுங்கள். அகன்ற வாளியில் ஏர் டியூப் போட்டு ஒரு நாள் முழுக்க ஓடவிட வேண்டும், அல்லது குளோரின் நீக்கும் சொட்டு மருந்தைப் புட்டியில் போட்ட அளவுக்கு விட வேண்டும். நான் இரண்டையும் செய்கிறேன்.

தொட்டி இன்னும் பக்குவப்படவில்லை. அம்மோனியா கிட்டைப் போட்டுப் பாருங்கள். கொஞ்சம் நிறம் ஏறினாலும் இதுதான் காரணம். கழிவைச் செரிக்கும் பாக்டீரியா ஸ்பாஞ்சிலும் மணலிலும் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். கடையில் விற்கும் கறுப்பு உருண்டை மண் போட்டிருந்தால் முதல் சில வாரம் அந்த மண்ணிலிருந்தே அம்மோனியா வரும். இருக்கும் இறாலைக் காப்பாற்ற, தொட்டியோடு டி.டி.எஸ். ஒத்துப்போகும் குளோரினற்ற தண்ணீரில் தினம் 20 சதவீதம் மாற்றுங்கள். சாப்பாடு வேண்டாம். நீண்ட நாளாக ஓடும் தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் அவருடைய அழுக்கு ஸ்பாஞ்சைக் கேட்டு வாங்கி உங்கள் தொட்டியில் போடுங்கள். எந்தப் புட்டி மருந்தையும்விட அது வேகமாக வேலை செய்யும்.

செம்பு. மேலே சொன்ன மூன்றும் இல்லையென்றால் செம்பைத் தேடுங்கள். மனிதருக்கு நல்லது என்று நாம் செம்புக் குடத்தில் தண்ணீர் வைப்போம், ஆனால் இறாலுக்கு மிகக் குறைந்த அளவு செம்பும் விஷம். நம் வீடுகளில் அது வரும் வழிகள்: செம்புக் குடம், தண்ணீரில் காப்பர் சேர்த்துத் தரும் ஆர்.ஓ. மெஷின், கீசர் தண்ணீர், மீனுக்கு வெண்புள்ளி நோய் வந்தபோது போட்ட மருந்து, நத்தை கொல்லி. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீரை வாளியில் பிடித்து வைப்பவர்கள் உண்டு. மீட்டரில் அது சுத்தமான தண்ணீர் போலக் குறைவாகத்தான் காட்டும். ஆனால் ஏ.சி.யின் உள் குழாய்கள் பெரும்பாலும் செம்பு. அதைத் தொட்டிக்கு எடுக்காதீர்கள். மருந்து போட்ட பழைய மீன் தொட்டியை வாங்கியிருந்தால் அதன் மணலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புது மணலோடு தொடங்குங்கள்.

## இரண்டு மூன்று வாரம் கழித்து, இரண்டு நாளுக்கு ஒன்றாகச் சாகின்றன

புதிதாகத் தொடங்கியவர்கள் மனமுடைந்து தொட்டியைக் காலி செய்வது இந்தக் கட்டத்தில்தான். பெரும்பாலும் இது தோல் உரிப்பில் வரும் கோளாறு.

செத்த இறாலை வெள்ளைத் தட்டில் வைத்துப் பாருங்கள். தலைப்பகுதியும் உடலும் சேரும் இடத்தில் கழுத்தைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல வெள்ளை வளையம் இருக்கிறதா? இருந்தால் தோல் பாதியில் பிளந்து, வெளியே வர முடியாமல் செத்திருக்கிறது என்று பொருள். உயிரோடு இருக்கும் இறாலில் அந்த வளையத்தைப் பார்த்தால் இழுத்து உதவப் போகாதீர்கள். சில தாமாகவே உதறிக்கொண்டு வந்துவிடும்.

முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர் மாற்றும் வழக்கம். வாரம் 50 சதவீதம் மாற்றினால் தயாராகும் முன்பே தோலை உரிக்க வைத்துவிடும். 10 முதல் 15 சதவீதம் போதும். புதுத் தண்ணீரையும் குடம் கவிழ்ப்பது போல ஊற்றாமல், அந்தச் சலைன் டியூபிலேயே சொட்டவிடுங்கள்.

அடுத்து ஜி.எச். பாருங்கள். 4-க்குக் கீழே இருந்தால் புதுத் தோலைக் கெட்டியாக்கச் சுண்ணாம்பும் மெக்னீசியமும் போதவில்லை. கேன் தண்ணீரையோ ஆர்.ஓ. தண்ணீரையோ மட்டும் ஊற்றுபவர்கள் வீட்டில் இதுதான் நடக்கிறது. பறவைத் தீவனக் கடைகளில் கிடைக்கும் கணவாய் ஓட்டில் ஒரு விரல் நீளத் துண்டைப் போட்டால் மெல்ல மெல்லக் கரையும். சீக்கிரம் வேண்டுமென்றால் இறாலுக்கென்றே விற்கும் தாதுப்பொடி வாங்குங்கள். ஜி.எச்.சை ஒரே நாளில் தூக்காதீர்கள், ஒவ்வொரு தண்ணீர் மாற்றத்திலும் ஒரு புள்ளி ஏறட்டும்.

போர் தண்ணீர்க்காரர்களுக்குப் பிரச்சினை நேர் எதிர். கடலோரப் பகுதிகளில் மீட்டர் 900 காட்டுவது சாதாரணம். அப்போது கலந்து கொள்ளுங்கள். 900 காட்டும் போர் தண்ணீர் ஒரு பங்கு, 40 காட்டும் ஆர்.ஓ. தண்ணீர் மூன்று பங்கு என்றால் 250-க்குப் பக்கத்தில் வரும். ஆனால் மீட்டர் மொத்தக் கரைசலைத்தான் சொல்லும், அதில் சுண்ணாம்பு எவ்வளவு, உப்பு எவ்வளவு என்று சொல்லாது. கலந்த தண்ணீரில் ஜி.எச். கிட் போட்டுப் பார்த்தே தீர வேண்டும். வாயில் வைத்தால் கரிக்கும் போர் தண்ணீரைக் கலக்கவே வேண்டாம். ஆர்.ஓ. தண்ணீரில் தாதுப்பொடி சேர்த்துத் தொடங்குங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் ஒரு மாதத்துக்கு மேல் சாவு நிற்கவில்லையென்றால் தண்ணீரை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கும் நேரம் வந்துவிட்டது. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு தண்ணீரைச் சோதித்துத் தருகின்றன. செம்பு அளவையும் பார்க்க முடியுமா என்று கொடுக்கும்போதே கேளுங்கள்.

## எல்லாம் ஒரே நேரத்தில் வெறிபிடித்ததுபோல் நீந்துகின்றன

இதில் நல்ல செய்தியும் உண்டு, மிக மோசமான செய்தியும் உண்டு. அடுத்த ஒரு மணி நேரத்தில் எல்லாம் தீர்மானமாகிவிடும் என்பதால், எது என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொள்வது முக்கியம்.

நல்லது என்றால்: நீந்துபவை சின்னதாகவும் வெளிறியும் இருக்கும் ஆண்கள் மட்டும். தடித்த சிவப்புப் பெண்கள் பாசிமேல் உட்கார்ந்து நிதானமாக மேய்ந்துகொண்டிருக்கும். எங்கேயோ புதிதாக உரித்த தோல் ஒன்று கிடக்கும். பெண் தோல் உரித்தவுடன் தண்ணீரில் கலக்கும் வாசனைக்கு ஆண்கள் தேடி அலைகின்றன. சில மணி நேரத்தில், அதிகம் போனால் ஒரு நாளில் அடங்கிவிடும். ஒன்றும் செய்ய வேண்டாம்.

மோசம் என்றால்: ஆண், பெண், குட்டி எல்லாம் சேர்ந்து நீந்தும். கண்ணாடியில் முட்டும், வாலைச் சுண்டிப் பின்னால் தெறிக்கும், சில பக்கவாட்டில் விழுந்து காலை உதறும். இது விஷம். நம் ஊரில் அந்த விஷத்தின் பெயர் பெரும்பாலும் கொசு மருந்து.

என் அக்கா வீட்டில் 40 இறால் ஒரே மாலையில் போனது. ஸ்ப்ரே எதுவும் அடிக்கவில்லை, சுருள் கொளுத்தவில்லை என்று அவள் அழுதுகொண்டே சொன்னாள். குனிந்து பார்த்தேன். தொட்டி வைத்திருந்த ஸ்டாண்டின் நான்கு கால்களையும் சுற்றி வெள்ளைக் கோடு. எறும்பு ஏறுகிறதே என்று காலையில் எறும்புச் சாக்பீஸ் கிழித்திருக்கிறாள். அதே கையோடு ஃபில்டரைச் சரிசெய்யத் தண்ணீருக்குள் கை விட்டிருக்கிறாள். பூச்சிகளுக்கான பெரும்பாலான வீட்டு மருந்துகளில் இருப்பது பைரித்ராய்டு வகை. நமக்கும் நாய்க்கும் அதிகம் தெரியாத அளவே இறாலைக் கொன்றுவிடும். இறாலும் பூச்சிக்கு உறவுதானே.

சந்தேகம் வந்தவுடன் செய்ய வேண்டியது:

1. மருந்து மெஷினையோ சுருளையோ அறையைவிட்டு எடுங்கள், ஜன்னலைத் திறங்கள். ஏர் பம்ப் அறைக் காற்றை உறிஞ்சித்தான் தொட்டிக்குள் தள்ளுகிறது. அதைத் தூக்கி நல்ல காற்று வரும் இடத்தில் வையுங்கள்.
2. தயாராக வைத்திருக்கும் தண்ணீரில் 30 சதவீதம் மாற்றுங்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு 30. அளவைத் தாண்டி மாற்றாதே என்று மேலே சொன்னதற்கு இது ஒரு விதிவிலக்கு.
3. ஆக்டிவேட்டட் கார்பனை வலைப் பையில் கட்டி, குமிழி வரும் இடத்தில் தொங்கவிடுங்கள். இரண்டு நாள் கழித்து எடுத்து எறிந்துவிடுங்கள்.

பக்கவாட்டில் விழுந்தவை பெரும்பாலும் பிழைக்காது. நிற்பவை பிழைக்கலாம்.

இனி வராமலிருக்க, தொட்டி உள்ள அறையில் கொசுவலையும் ஜன்னல் வலையும் மட்டும் போதும் என்று வையுங்கள். தெருவில் மாநகராட்சியின் புகை மருந்து வண்டிச் சத்தம் கேட்டால் ஜன்னலைச் சாத்தி, ஏர் பம்பை அரை மணி நேரம் நிறுத்தி, தொட்டியை ஈரத்துணியால் மூடுங்கள். கொசுக் கிரீம், பாடி லோஷன், சானிடைசர் பூசிய கையைத் தொட்டியில் விடக் கூடாது. நாய்க்கு உண்ணி மருந்து போட்ட நாளில் வேறொருவர் தொட்டியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

புதுச் செடி வைத்து ஓரிரு நாளில் இது நடந்தால் செடியில் ஒட்டியிருந்த பூச்சிமருந்தைச் சந்தேகப்படுங்கள். செடியை வெளியே எடுத்துவிட்டு மேலே சொன்ன அதே மூன்று வேலையும் செய்யுங்கள். கப்பில் ஜெல்லியோடு வரும் திசு வளர்ப்புச் செடியை அலசி நேரடியாக வைக்கலாம். மற்றதையெல்லாம் தனி வாளியில் இரண்டு வாரம் தினம் தண்ணீர் மாற்றி ஊறவையுங்கள்.

## எல்லாம் மேலே ஏறி நீர்மட்டத்தில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன

மூச்சுக்குத் திணறுகின்றன. கரண்ட் போய்விட்டதா, டியூப் மடங்கியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மின்வெட்டு அடிக்கடி வரும் வீட்டில் பேட்டரியில் ஓடும் சின்ன ஏர் பம்ப் வாங்கி வைப்பது நல்லது. பம்பை நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். கீழே இருந்தால் கரண்ட் போனதும் டியூப் வழியாகத் தண்ணீர் இறங்கிப் பம்பும் போகும், தரையும் நனையும்.

காற்று சரியாக வந்தால் வெப்பத்தைப் பாருங்கள். சூடான தண்ணீரில் பிராணவாயு குறைவாகவே கரையும். 28 டிகிரி வரை செர்ரி சமாளிக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் மாடி வீடுகளில் தொட்டி 31, 32 தொடும். அப்போது இதே வரிசையில் செய்யுங்கள்: விளக்கை அணைப்பது, தொட்டியை ஜன்னலிலிருந்து விலக்குவது, மூடியை எடுத்துக் கொசுவலைத் துணி போடுவது, சின்ன ஃபேனை நீர்ப்பரப்பில் படும்படி சாய்த்து வைப்பது. ஃபேன் 2 முதல் 4 டிகிரி குறைக்கும், காற்றில் ஈரம் அதிகமான நாளில் 2-தான். ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும்தான், தாது உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த மட்டத்தை ஆர்.ஓ. தண்ணீரால் நிரப்புங்கள். போர் தண்ணீரால் நிரப்பிக்கொண்டே போனால் மே மாத முடிவில் டி.டி.எஸ். இரட்டிப்பாகியிருக்கும்.

ஐஸ் கட்டி போடாதீர்கள். ஒரு மணி நேரத்தில் 5 டிகிரி இறங்கி ஏறுவது 31-லேயே இருப்பதைவிடக் கெடுதல். சில்லர் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில்: செர்ரிக்காக வேண்டாம். கிரிஸ்டல் ரெட் போன்ற குளிர்த்தண்ணீர் வகைகளுக்குத்தான் அது தேவை, அவற்றை முதல் தொட்டியில் வைக்கவே வேண்டாம்.

## பிணமும் இல்லை, எண்ணிக்கை மட்டும் குறைகிறது

முதல் வாரம் என்றால் ஒளிந்திருக்கின்றன. இரவு விளக்கணைத்து ஒரு மணி நேரம் கழித்து டார்ச் அடித்து எண்ணுங்கள்.

அப்படியும் குறைந்தால் ஃபில்டருக்குள் பாருங்கள். ஸ்பாஞ்ச் இல்லாத மோட்டார் ஃபில்டர் என்றால் உறிஞ்சும் வாயில் ஸ்பாஞ்ச் மாட்டுங்கள். தொட்டிக்குப் பின்னால் தரையிலும் பாருங்கள், காய்ந்த இறால் கிடந்தால் நீர் பிடிக்காமல் வெளியே குதித்திருக்கிறது.

இன்னும் கிடைக்கவில்லையென்றால் கொலைகாரன் உள்ளே இருக்கிறான். குளத்துச் செடியோடு ஊசித்தட்டானின் இளம்புழு வந்துவிடும். குச்சி மாதிரி உடம்பு, வாலில் மூன்று இலை போன்ற தகடுகள். ஒவ்வொரு இரவும் ஒன்றைப் பிடித்துத் தின்னும், மிச்சம் வைக்காது. செடிகளை ஒவ்வொன்றாக வெள்ளை வாளியில் உதறிப் பிடித்தே ஆக வேண்டும். நீண்ட இடுக்கிக் கைகளோடு ஒரு இறால் தெரிந்தால் அது செர்ரியே இல்லை, கூட்டத்தோடு வந்துவிட்ட வேறு வகை. அதைத் தனியாக வையுங்கள்.

## தண்ணீர் கலங்குகிறது

பால் போல வெள்ளையாக என்றால் பாக்டீரியா பெருக்கம். சாப்பாட்டைக் குறைத்துக் காற்றைக் கூட்டினால் சில நாளில் தானே தெளியும். பச்சையாக என்றால் வெளிச்சம் அதிகம். விளக்கை 6 மணி நேரமாக்குங்கள், நேர் வெயிலைத் தடுங்கள். டீ நிறம் என்றால் கட்டையிலிருந்தோ காய்ந்த நாட்டு வாதுமை இலையிலிருந்தோ இறங்கும் சாயம், இறாலுக்கு நல்லது. புதுக் கட்டையின்மேல் வெள்ளையாகச் சளி போலப் படர்வதைக் கண்டு கட்டையை எடுத்துத் தேய்ப்பவர்கள் உண்டு. விட்டுவிடுங்கள், இறால்களுக்கு அதைவிட நல்ல சாப்பாடு நீங்கள் கடையில் வாங்க முடியாது.

## செடி கரைகிறது

கிரிப்டோகோரைன் என்றால் வைத்த இரண்டு வாரத்தில் இலையெல்லாம் கண்ணாடி போலாகிக் கரையும். வேரைப் பிடுங்காமல் அழுகிய இலையை மட்டும் வெட்டுங்கள். அடியிலிருந்து புது இலை வரும். அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் கரைந்தால் அவற்றின் தண்டை மணலில் புதைத்திருப்பீர்கள். தோண்டி எடுத்துக் கல்லிலோ கட்டையிலோ நூலால் கட்டுங்கள். உரம் ஊற்றலாமா? பாசியும் இந்தச் செடிகளும் உரமில்லாமலே வாழும். முதல் மூன்று மாதம் வேண்டாம்.

## புழு, பூச்சி தெரிகின்றன

மேல்பரப்பில் நெளிந்து இறங்கும் கொசுப்புழு. மீன் இல்லாத, மூடாத தொட்டி கொசுவுக்கு நல்ல இடம். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். இதை அலட்சியப்படுத்தாதீர்கள். டீ வடிகட்டியால் தினம் அள்ளுங்கள், கொசுவலையை ரப்பர் பேண்டு போட்டு இறுக்கி மூடுங்கள், மேல்பரப்பு அசையும்படி ஃபில்டரை உயர்த்துங்கள். கொசுப்புழு மருந்து விடவே கூடாது. கப்பி மீன் விட்டால் கொசுப்புழு போகும், இறால் குட்டிகளும் சேர்ந்து போகும்.

முடி போன்ற மெல்லிய வெள்ளைப் புழு தீங்கற்றது. சாப்பாடு மிஞ்சுகிறது என்று அர்த்தம். போட்ட உணவு 2, 3 மணி நேரத்தில் தீராவிட்டால் எடுத்துவிடுங்கள்.

கண்ணாடியில் வழுக்கிப் போகும் முக்கோணத் தலைப் புழு பிளனேரியா. அது குட்டிகளையும் தோல் உரித்த இறாலையும் தாக்கும். கைகள் விரித்த சிறு தண்டு போல ஒட்டியிருப்பது ஹைட்ரா, அதுவும் குட்டிகளுக்கு ஆபத்து. குறைவாக இருந்தால் உணவைக் குறைத்து, கறித்துண்டு வைத்த பொறியில் பிளனேரியாவைப் பிடிக்கலாம். நிறைய என்றால் கால்நடை மருந்துக் கடையில் கிடைக்கும் ஃபென்பெண்டசோல் பயன்படும். 40 லிட்டருக்கு 0.1 கிராம்தான். ஐவர்மெக்டின் கலந்தது இறாலைக் கொன்றுவிடும். வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடமோ மருந்தாளுநரிடமோ லேபிளைக் காட்டிக் கேளுங்கள். நெரைட் நத்தை இருந்தால் முதலில் வேறிடம் மாற்றுங்கள், அப்புறமும் பல மாதம் அந்தத் தொட்டிக்குத் திரும்ப விடாதீர்கள்.

இறாலின் மூக்கு நுனியில் வெள்ளை முடி போல அசைந்தால் ஒட்டுண்ணி. ஒரு கப் தொட்டித் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி உப்பு கரைத்து, அந்த இறாலை 30 நொடியிலிருந்து ஒரு நிமிடம் வரை முக்கி எடுங்கள். இந்த நோய் இருக்கும் காலத்தில் மட்டும் உரித்த தோலையும் எடுத்து எறியுங்கள். வயிற்றுக்கடியில் பச்சையாக நூல் நூலாக இருந்தால் அது முட்டை இல்லை. முட்டை தனித்தனி உருண்டையாகத் தெரியும். அந்த இறாலை அன்றே தனியாக வையுங்கள், உறுதியான மருந்து கிடையாது.

## கை விட்டால் சுள்ளென்கிறது, மூலையில் நீர் கசிகிறது

இரண்டிலும் நீங்களாக முயலக் கூடாது. சுள்ளென்றால் கையை எடுத்து, சுவிட்சை அணைத்துப் பிளக்கையும் பிடுங்கிவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். விளக்கு, ஹீட்டர், மோட்டார் இவற்றில் ஒன்றில் கசிவு இருக்கிறது. வீட்டில் எர்த் சரியாக இருக்கிறதா, கசிவு வந்தால் மின்சாரத்தை நிறுத்தும் கருவி இருக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடி மூலை கசிந்தால் இறால், செடி, ஃபில்டர் எல்லாவற்றையும் பழைய தண்ணீரோடு பெயின்ட் படாத வாளிக்கு மாற்றிவிட்டுத் தொட்டி செய்பவரிடம் கொடுங்கள். குளியலறைக்கு விற்கும் பூஞ்சை எதிர்ப்புச் சிலிக்கானை அவர் எடுத்தால் தடுத்துவிடுங்கள்.

## முட்டை சுமக்கிறது, குட்டியைக் காணோம்

பெண் 20, 30 முட்டையை வயிற்றுக்கடியில் சுமந்து, காலால் விசிறிக்கொண்டே இருக்கும். பொரிய 3 முதல் 4 வாரம் ஆகும். நடுவில் முட்டைகளை உதிர்த்துவிட்டால் தண்ணீர் சட்டென்று மாறியிருக்கிறது, அல்லது வெப்பம் 30 தாண்டியிருக்கிறது. முதல்முறை சுமக்கும் பெண் காரணமில்லாமலும் உதிர்க்கும், அடுத்த முறை சரியாகிவிடும்.

முட்டையே வரவில்லையென்றால் வாங்கிய விதத்தைப் பாருங்கள். கடையில் நல்ல சிவப்பாக, பெரிதாக இருப்பதைப் பார்த்துப் பொறுக்கியிருந்தால் எல்லாமே பெண்ணாக இருக்கும். சின்னதும் வெளிறியதுமாக நான்கைந்து வாங்கி விடுங்கள், மெதுவாகச் சொட்டுவிட்டுத்தான்.

பொரிந்தும் காணவில்லையென்றால் பதற வேண்டாம். 2 மில்லிமீட்டர் குட்டி, கண்ணாடி நிறம், முதல் சில நாள் பாசிக்குள்ளிருந்து வெளியே வராது. கண்ணைக் கண்ணாடியோடு ஒட்டவைத்து ஒரே பாசிக் கொத்தை ஐந்து நிமிடம் பார்த்தால் அசையும் இரண்டு கறுப்புப் புள்ளிகள் தெரியும், அவை கண்கள். ஸ்பாஞ்சைக் கழுவும் நாளில் தொட்டித் தண்ணீர் நிறைத்த வெள்ளை வாளியில் பிழியுங்கள். அந்த அழுக்குத் தண்ணீரைக் கொட்டும் முன் பத்து நிமிடம் தெளியவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். குட்டிகள் மேயப் பிடித்த இடம் அந்த ஸ்பாஞ்சுதான். காணாமல் போன குட்டிகளில் பாதியை நான் வாளியில்தான் கண்டெடுத்திருக்கிறேன், சின்னக் கரண்டியால் அள்ளி ஒவ்வொன்றாகத் திரும்ப விட்டிருக்கிறேன்.